ஆறாவது மிதி

“எழுத்துக் கூட்டிப் படிக்கிறது வேற, அர்த்தம் தெரிஞ்சி சொல்றது வேற. இந்தப் பொண்ணால ஆவாது சாய்பு.”

ஆம்பூரில் என் மாமா லாரி ஓட்டிய, தோல் பதனிடும் ஷாப்பின் கணக்குப்பிள்ளை இதைச் சொன்னபோது எனக்குப் பன்னிரண்டு வயது. முதலாளி சாயபுவிடம் சொல்வதுபோல, என் காதில் விழும்படி சொன்னார். ஏழு வருஷமாக நான் அதை மறக்கவில்லை. வேலூரில் இந்த ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த நாளிலும், முதல் பரீட்சையில் முதலாவதாக வந்த நாளிலும், மனத்துக்குள் அந்த மனிதருக்குத்தான் பதில் சொன்னேன்.

தோழிகளே, நம் விடுதியில் பாதிப் பேருக்கு மேல் வீட்டிலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். ஒரு கடிதம் வந்தால், ஒரு நோட்டீஸ் வந்தால், தெருவே நம்மைத் தேடி வரும். நாம் நடுவில் நிற்போம். சுற்றிலும் பெரியவர்கள் நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது புரியாத ஒரு வரி வந்தால் நீங்கள் என்ன செய்தீர்கள்? நான் செய்ததைச் சொல்கிறேன்.

அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை. மனைவியை இழந்த, அம்மாவின் தம்பியான மாமாதான் எங்களோடு இருந்தார். அம்மா அதே தோல் ஷாப்பில், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் கொட்டகையில் வேலை செய்தாள். மாலையில் வரும்போது தலைமுடி, புருவம் எல்லாம் செம்பழுப்புத் தூளாக இருக்கும். மாமா வரும்போது உப்புத்தோல் நாற்றம் அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வரும். பேரணாம்பட்டுக்கு மேலே உள்ள கணவாயைத் தாண்டி மைசூர்ப் பக்கம் போய், உப்புப் போட்ட பச்சைத் தோலை ஏற்றி வருவது அவர் வேலை. என்னைப் பள்ளியில் சேர்த்தவரும் அவர்தான். “நீங்கள் குழந்தைக்கு என்ன வேண்டும்?” என்று தலைமையாசிரியை கேட்டதற்கு, “டிரைவருங்க” என்று பதில் சொன்னாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

அந்த லாரி சாயபு பம்பாயிலிருந்து வாங்கிய பழைய பெரிய வண்டி. அதில் இருந்தது எண்ணெய் பிரேக். காலால் மிதித்தால் ஒரு பித்தளைக் குப்பியிலிருந்து எண்ணெய் குழாய்வழியே ஓடிச் சக்கரத்தை இறுக்கும். உள்ளே எண்ணெயை அடைத்து நிற்கவேண்டிய ரப்பர்க் கிண்ணங்கள் இற்றுப்போயின. புதியவை கிடைக்கவில்லை. ஆம்பூரில் எது கெட்டாலும் தோலில் ஒன்று வெட்டிப் போட்டுவிடுவார்கள். கிணற்றுப் பம்புக்குத் தோல், கதவுக் கீலுக்குத் தோல். ஷாப்பின் ஃபிட்டர் பிரேக்குக்கும் தோலில் கிண்ணம் வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறவைத்துப் போட்டார். அது பிடித்தது, ஆனால் கசிந்தது. ஒரு மிதிக்கு நிற்காது. அடுத்தடுத்து மிதித்தால் எண்ணெய் சேர்ந்து சேர்ந்து, ஆறாவது மிதியில் கால் கெட்டியாக எதிலோ முட்டும். வண்டி நிற்கும்.

முன் இருக்கையில் உட்கார்ந்து பள்ளிக்குப் போகும்போது நான் வாய்விட்டு எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு என்றதும் இரண்டு பேரும் முன்னால் சாய்வோம். கடைத்தெருவில் மாமாவுக்கு அதுவே பெயராகிவிட்டது.

“ஓரம் போங்கப்பா, ஆறுமிதி வர்றாரு! அஞ்சோட நிறுத்திட்டார்னா என் கட வண்டிக்குள்ள போய்டும்!” என்று தேங்காய்க்கடைக்காரர் கத்துவார்.

“உன் கடைல இன்னா கீது, போறதுக்கு?” என்பார் மாமா. “நாலு தேங்கா. ஜாஸ்தி பேசாத.”

ஒரு மழைநாளில் கணவாய் இறக்கத்தில் ஆறு மிதி மிதித்தும் வண்டி நிற்காமல், மாமா மண்மேட்டில் உரசி நிறுத்திவிட்டு வந்தார். மறுநாள் சாயபுவிடம் போய், இனி இந்தப் பிரேக்கோடு கணவாய் ஏறமாட்டேன் என்றார். சாயபு கோபக்காரர், ஆனால் உயிர் விஷயத்தில் கெட்டவர் அல்ல. ஒரு மாதத்தில் மதராஸிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றால் பிடிக்கும் பிரேக். அந்த வட்டாரத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

வைக்கோலுக்கு நடுவில் கருப்புப் பூச்சு மணக்கும் சாமான்கள் இருந்தன. எஞ்சினோடு ஓடிக் காற்றை அடிக்கும் பம்பு, அந்தக் காற்றைச் சேர்த்து வைக்கும் இரும்புப் பீப்பாய், செப்புக் குழாய்ச் சுருள்கள், சக்கரத்துக்கு ஒன்றாகக் குங்குமச் செப்பு போன்ற நான்கு தட்டைச் செப்புகள், கடிகாரம் போல் முகமும் முள்ளும் உள்ள ஒரு கருவி. அடியில் எட்டுப் பக்க இங்கிலீஷ்ப் புத்தகம்.

ஃபிட்டர் ஜோலார்பேட்டை ரயில் ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சாமான்களின் இங்கிலீஷ்ப் பெயர்களெல்லாம் காதால் தெரியும், கண்ணால் தெரியாது. சாயபு உருது படிப்பார். கணக்குப்பிள்ளைக்குத் தமிழும் தெலுங்கும். அப்போதுதான் மாமா, வாசலில் நின்ற என்னைக் காட்டி, “எங்க பொண்ணு இங்கிலீசு படிக்குது, படிக்கச் சொல்லட்டா?” என்று கேட்டார். கணக்குப்பிள்ளை நான் முதலில் எழுதிய அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

“படிக்கட்டுமே. படிச்சா இன்னா, புஸ்தகம் தேஞ்சா பூடும்?” என்றார் மாமா.

நான்கு நாள் பள்ளி விட்டதும் நேரே லாரிக் கொட்டகைக்குப் போனேன். பாவாடையில் கரி படாமல் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து படித்தேன். எனக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. ஃபிட்டருக்குப் பொருள் தெரியும், எழுத்து தெரியாது. “டி-ய-ஃப்ரா…” என்று நான் கூட்ட ஆரம்பித்தால் வண்டிக்கு அடியிலிருந்து அவர் கத்துவார்.

“டயப்புரம்! அதான்! செப்புக்குள்ள தோலாட்டம் இருக்குதே, அது! நம்பர் இன்னா போட்டிருக்கான்?”

“ஏழு.”

“ஏழா? அப்ப இந்தக் குழாய் அங்க போவுது. ராத்திரிலேர்ந்து ரோசன பண்றேன். சபாஷ் பாப்பா!”

இப்படி இருவருமாகச் சேர்ந்து ஒரு முழு இங்கிலீஷ்காரன் ஆனோம். ஒவ்வொரு குழாயும் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய பித்தளைக் குப்பியும் தோல் கிண்ணங்களும் கழன்று ஒரு மூலைக்குப் போயின. அம்மா கொட்டகை வாசலில் வந்து நின்று, மாரில் கைகட்டிக்கொண்டு என்னையே பார்ப்பாள். சாயபு ஒருநாள் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்து, “அச்சா பேட்டீ, நல்லா படி” என்றார். வாழ்நாளில் அதற்குப் பிறகு நான் வாங்கிய எந்தப் பரிசுக்கும் அந்தப் பொட்டலத்தின் கனம் இருந்ததில்லை.

ஐந்தாம் நாள் கடைசிப் பக்கம் வந்தது. அதில் படம் இல்லை. எண் இல்லை. சாமான்களின் பெயரும் இல்லாததால் ஃபிட்டர் பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை. நீளநீளமான வாக்கியங்களாக இருந்தது. நான் எழுத்துப் பிசகாமல் உரக்கப் படித்தேன். படித்து முடித்ததும் எல்லோரும் காத்திருந்தார்கள். ஃபிட்டர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, “இன்னா சொல்லுது பாப்பா?” என்றார்.

கணக்குப்பிள்ளை கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றார். சிரிக்கக்கூட இல்லை. வெறுமனே பார்த்தார்.

“எல்லாத்தயும் சுத்தமா வெச்சிக்கணும், அப்பப்ப எண்ணெ போடணும்னு போட்டிருக்குது” என்றேன்.

“அது தெரிஞ்சதுதானே” என்று ஃபிட்டர் வண்டிக்கு அடியில் போய்விட்டார். கணக்குப்பிள்ளையும் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன். பரிசாக அந்தப் புத்தகத்தையே கேட்டேன். மாமா சாயபுவிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தார்.

ஓட்டிப் பார்த்த அன்று தெருவே கூடியிருந்தது. மிதித்த காலை மாமா எடுத்தபோதெல்லாம் வண்டிக்கு அடியில் ‘புஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு வந்தது. நாய்கள் ஓடின. ஒரே மிதியில் வண்டி நின்றது. “ஆறுமிதி செத்தாம்பா, இனி ஒருமிதி!” என்று தேங்காய்க்கடைக்காரர் கத்தினார். ஆனால் மாமாவின் கால் பழக்கத்தை விடவில்லை. ஒரு மிதிக்கே நின்ற வண்டியிலும் தடதடவென்று ஐந்தாறு முறை மிதித்தார். புஸ், புஸ், புஸ். நாங்கள் சிரித்தோம்.

“காத்து தீந்து பூட்டா?” என்று மாமா கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் கேட்டார்.

“தீந்தா தானா புடிச்சிக்கும்” என்றார் ஃபிட்டர். “ரயில்ல அப்டித்தான். குழாய் அறுந்தாகூட வண்டி நின்னுபூடும். நீ பயப்படாத போ. முள்ளு ஏறினதும் கெளம்பு, அப்பால அதப் பாக்கவே வேணாம்.”

அவர் பொய் சொல்லவில்லை. ரயிலுக்கு அது உண்மை. ரயில் பிரேக் வேறு விதமானது என்றும், அந்த லாரிக்கு வந்த பிரேக்கில் காற்று தீர்ந்தால் பிடிப்பதற்கு எதுவுமே இல்லை என்றும் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மாமாவின் கேள்விக்குச் சரியான பதில் என் பைக்குள், அந்தப் புத்தகத்தில் இருந்தது.

மூன்று வாரம் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் சமதரையில் ஓடியபோது ஒரு குறையும் இல்லை. நான்காவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, முழுப் பாரத்தோடு கணவாய் இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும் கால் தன் வழக்கப்படி ஆறு மிதி மிதித்தது. எஞ்சின் மெதுவாக ஓடும் இறக்கத்தில், அந்தப் பம்பு அத்தனை வேகமாகக் காற்றைச் சேர்க்காது. கடைசி வளைவுக்கு முன்னால் கீழிருந்து ஒரு மாட்டுவண்டி ஏறி வந்தது. மாமா மிதித்தார். பழைய பிரேக்கில் கெட்டியாக முட்டும் ஆறாவது மிதி, இப்போது வண்டியின் தரைப்பலகையில் போய் இடித்தது. கைப்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. மாட்டுவண்டியில் மூன்று பேர். மாமா லாரியை மலைப்பக்கம் ஒடித்துப் பாறையில் மோதினார். மாட்டுவண்டிக்காரர்கள் பிழைத்தார்கள். மாமாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

இரண்டு வாரம் கழித்து லைசென்ஸ் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். ஷாப்பின் முன்கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாமாவைத் தவிர எல்லோரும் இருந்தோம். நான் அம்மாவின் பின்னால் வாசலில் நின்றேன்.

ஃபிட்டர் வண்டியைக் காட்டினார். குழாய் ஒன்றும் உடையவில்லை, எங்கும் கசிவு இல்லை. அது உண்மை. அதிகாரி கேட்டார், “இதை ஓட்டுவதற்கு டிரைவருக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்? கம்பெனி ஏதாவது எழுதி அனுப்பியிருந்ததா?”

“அனுப்பியிருந்தான் சார்” என்றார் கணக்குப்பிள்ளை. “எல்லாம் படிச்சிக் காட்டியாச்சி. தோ நிக்குதே, அவன் அக்கா பொண்ணு, அதுதான் படிச்சிது. கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிது. எண்ணெ போடு, தொடச்சி வையின்னுதான் இருக்குது. வேற ஒண்ணும் இல்ல.”

அதிகாரி புத்தகத்தைக் கேட்கவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையாட்டினேன்.

தோழிகளே, அந்த நிமிஷத்தில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. என் படிப்பை நம்பாத மனிதரே ஒரு சர்க்கார் அதிகாரி முன்னால் என் படிப்புக்குச் சாட்சி சொன்னார். அதைத்தான் நினைத்தேன். என் படிப்பு யாருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்று நினைக்கவில்லை.

வண்டி சரி, படித்துக் காட்டியதும் சரி என்றால் மிச்சம் இருந்தது டிரைவர் ஒருவர்தான். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, மலை ஏறப் போகும் வழியில், பேரணாம்பட்டில் ஒரு கல்யாண வீட்டில் மாமா கள் குடித்திருந்தார். அதற்கு நாலு சாட்சி கிடைத்தது. குடித்துவிட்டு ஓட்டியதாக எழுதி லைசென்ஸை ரத்து செய்தார்கள். குடி என்ற சொல்லைக் கேட்டதும் சாயபு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அம்மாவும் நம்பினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, “அக்கா, மிதிச்சேன், ஒண்ணும் இல்ல. காலு சும்மா உள்ள போச்சி” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, “குடிச்சவன் காலுக்கு இன்னா தெரியும்?” என்றாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் குடியாத்தத்தில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே தறிக்காரர் வீட்டில் கைலி நெய்ய நூல் சுற்றிக் கொடுக்கிறார். பொம்பளைகள் நடுவில் உட்கார்ந்து ராட்டை சுற்றும் ஒரே ஆண்பிள்ளை. இங்கே ‘ஆறுமிதி’ என்று கூப்பிட்டதுபோல் அங்கேயும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை நான் எழுதமாட்டேன்.

அந்தப் புத்தகத்தை நான் தகரப் பெட்டியின் அடியில், பைபிளுக்குக் கீழே, ஏழு வருஷம் வைத்திருந்தேன். ஆண்கள் நடுவில் உட்கார்ந்து நான் படித்த முதல் இங்கிலீஷ் அல்லவா? விடுதிக்கும் கொண்டுவந்தேன். போன மாதம் பெட்டியை வெயிலில் வைத்துத் துடைத்தபோது அது கையில் வந்தது. பெருமையாகத்தான் பிரித்தேன். கடைசிப் பக்கம் திறந்துகொண்டது. இப்போது அகராதி வேண்டியிருக்கவில்லை. ஒரே மூச்சில் படித்தேன்.

வண்டி ஓட்டுபவருக்கு என்று ஆரம்பிக்கிறது அந்தப் பக்கம். மிதியை அடுத்தடுத்து மிதிப்பதும் விடுவதுமாக இருக்கக்கூடாது. விடும் ஒவ்வொரு முறையும் சேர்த்து வைத்த காற்று வெளியே போய்விடும். மலை இறங்கும்போது ஒரே சீராக அழுத்திப் பிடிக்க வேண்டும். முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது குறித்த கோட்டுக்குக் கீழே வந்தால் வண்டியை நிறுத்திக் காற்று சேரும்வரை நகரக்கூடாது. காற்று தீர்ந்தபின் பிரேக் வேலை செய்யாது.

மலை என்பதற்கு ‘ஹில்’ என்ற சொல் அந்தப் பக்கத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. அந்தச் சொல் எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். முதல் வகுப்புப் பாட்டில் வந்த சொல். ‘மலையப் பத்தி இன்னமோ சொல்லுது, எனக்குப் புரியல’ என்று சொல்லியிருந்தால், மலை இறங்கும் மனிதர் காதில் அது விழுந்திருக்கும். மதராஸுக்கு எழுதிக் கேட்டிருப்பார்கள். கணக்குப்பிள்ளை சிரித்திருப்பார். அவ்வளவுதான்.

எழுத்து வேறு, அர்த்தம் வேறு என்று அவர் சொன்னது சரி. அதை எழுதுவதற்குத்தான் எனக்கு இத்தனை பக்கம் தேவைப்பட்டது.

மறு சனிக்கிழமை விடுப்பு வாங்கிக்கொண்டு குடியாத்தம் போனேன். மாமா ராட்டையை நிறுத்தவில்லை. சிவப்பு நூல் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். பிறகு, அன்று எனக்கு அது புரியவில்லை என்றும், புரிந்ததாகப் பொய் சொன்னேன் என்றும் சொன்னேன்.

நூல் அறுந்தது. அவர் முடிச்சுப் போடவில்லை.

“இன்னொரு வாட்டி படி” என்றார்.

படித்தேன்.

“அப்ப நான் குடிச்சி இல்ல.”

“இல்ல மாமா.”

“எல்லாரும் சொன்னாங்க. உங்கம்மாவே சொல்லிச்சி. நானும் ரோசன பண்ணிப் பண்ணி, அப்டித்தான் இருக்கும்னு நெனச்சிட்டேன். கால்ல ஒண்ணும் தட்டலன்னு ஞாபகம் இருக்குது. ஆனா குடிகாரன் ஞாபகம்தானேன்னு உட்டுட்டேன்.” இல்லாத காலின் பக்கம் வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டார். “அப்ப என் ஞாபகம் சரி.”

நான் அழுதேன். அவர் அழவில்லை.

“நீ அன்னிக்கே சரியா சொல்லியிருந்தாலும் இந்தக் காலு கேட்டிருக்குமோ இன்னாவோ. அது ஆறுக்குப் பழகுன காலு” என்றார். அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, “ஆனா சொல்லியிருக்கலாம்” என்றார்.

முதலில் சொன்னதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. இரண்டாவதாகச் சொன்னதைத்தான் கொண்டுவந்தேன்.

கிளம்பும்போது, “யார்கிட்டயும் சொல்லாத. வாத்தியாரம்மா ஆவப்போற பொண்ணு, உன் பேரு கெட்டுப்பூடும்” என்றார். நான் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

லைசென்ஸ் அதிகாரிக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதினேன். அவர்கள் காகிதத்தில் குடித்துவிட்டு ஓட்டினான் என்று இருக்கும் வரியை அடித்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கடைசிப் பக்கத்தை அப்படியே நகல் எடுத்து இணைத்தேன். அந்தப் பக்கத்தைத் தவறாகப் படித்துக் காட்டியவளும், விசாரணையில் தலையாட்டியவளும் நான்தான் என்று எழுதி, என் முழுப் பெயரையும் இந்தப் பள்ளியின் விலாசத்தையும் போட்டுக் கையெழுத்திட்டேன். அதன் தமிழ் நகல் ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அதைப் படித்துக் காட்டும்படி கேட்டு, இன்னும் ஆம்பூரில் இருக்கும் கணக்குப்பிள்ளையின் விலாசத்துக்கே அனுப்பினேன். இரண்டையும் பதிவுத் தபாலில் போட்டு இன்றோடு நான்கு நாளாகிறது.